முதல் கீமோவுக்கு முன்னால்

மார்பகப் புற்றுநோய்தான் என்று பயாப்சி உறுதி செய்யும் நாளுக்கும் முதல் கீமோ ஏறும் நாளுக்கும் நடுவே பெரும்பாலும் இரண்டு, மூன்று வாரம் கிடைக்கும். ஸ்கேன், எக்கோ, இன்சூரன்ஸ் ஒப்புதல், ஊரில் பணம் புரட்டுவது என்று அந்த நாட்கள் ஓடிவிடும். என் வேலை நடப்பது அந்த இடைவெளிக்குள்தான். கோவையில் ஒரு மருத்துவமனையில் மரபணு ஆலோசகராக இருக்கிறேன். மருந்து எழுதுவதில்லை, ஊசி போடுவதில்லை. குடும்பத்தில் யார் யாருக்கு என்னென்ன நோய் வந்தது என்று கேட்டு எழுதிக்கொள்வேன். யாருக்கு மரபணு சோதனை தேவை, அதன் முடிவு இவர்களுக்கு என்ன சொல்கிறது, பிறக்கப்போகும் பிள்ளைக்கு என்ன சொல்கிறது என்பதைப் புரியும்படி எடுத்துச் சொல்வேன். அமெரிக்காவில் 1969-லேயே இதற்குத் தனி முதுகலைப் படிப்பு தொடங்கிவிட்டார்கள். நம் அரசு மருத்துவமனைகளில் இப்படி ஒரு பணியிடம் இன்றும் அரிது.

"டாக்டர் அனுப்பினாருங்க, எதுக்குன்னு தெரியலீங்க" என்று சொல்லிக்கொண்டேதான் பலர் உள்ளே வருகிறார்கள். இருபதுகளிலும் முப்பதுகளிலும் இருப்பவர்களுக்குப் புற்றுநோய் வந்தால் இரண்டு கேள்விகள் எழுகின்றன. சிகிச்சை முடிந்த பிறகு குழந்தை பெற முடியுமா? பெற்றால் அந்தக் குழந்தைக்கும் இது வருமா? முதல் கேள்வி குழந்தைப்பேறு சிகிச்சை நிபுணருடையது, இரண்டாவது என்னுடையது என்று மருத்துவமனையில் பிரித்து வைத்திருக்கிறோம். நோயாளியின் மனதில் அவை பிரிந்து கிடப்பதில்லை. பல நேரங்களில் இரண்டாவது கேள்வியின் பயத்தாலேயே முதல் கேள்வியைக் கேட்காமல் எழுந்து போய்விடுகிறார்கள். "என்னோட போகட்டும், பிள்ளைக்கு வேண்டாம்" என்று சொல்லிவிட்டுக் கருமுட்டையைச் சேமிக்க மறுத்த பெண்கள் உண்டு. பிறகு சோதனையில் அவர்களுக்குப் பரம்பரைப் பிழை எதுவும் இல்லை என்று வந்தது. ஆனால் அதற்குள் கீமோ பாதி முடிந்திருந்தது.

கீமோ என்ன செய்கிறது என்பதைச் சொல்லிவிடுகிறேன். ஒரு பெண் தன் வாழ்நாளுக்கான கருமுட்டைகள் அத்தனையோடும்தான் பிறக்கிறாள். புதிதாக எதுவும் உருவாவதில்லை. மார்பகப் புற்றுநோய்க்கும் லிம்ஃபோமா என்ற நிணநீர்ப் புற்றுநோய்க்கும் கொடுக்கும் சைக்ளோஃபாஸ்ஃபமைடு போன்ற மருந்துகள் அந்தக் கையிருப்பைக் கரைக்கின்றன. இருபத்தைந்து வயதில் தாங்கிக்கொள்ளும் சினைப்பை முப்பத்தெட்டில் தாங்காமல் போகலாம். சிலருக்கு மாதவிடாய் திரும்பிவரும், ஆனாலும் கையிருப்பு வெகுவாகக் குறைந்திருக்கும். ஆண்களுக்கு விந்தணு உற்பத்தி நின்றுபோகலாம். சிலருக்கு அது சில ஆண்டுகளில் மீளும், சிலருக்கு மீளாது.

முன்பெல்லாம் மாதவிடாய் வரும்வரை காத்திருந்துதான் முட்டை வளர ஊசி போடத் தொடங்குவார்கள். அதற்கே ஒரு மாதம் போய்விடும் என்பதால் புற்றுநோய் மருத்துவர்கள் தயங்கினார்கள். இப்போது மாதத்தின் எந்த நாளிலும் தொடங்கலாம். பத்துப் பன்னிரண்டு நாள் ஊசி, பிறகு சிறிய மயக்க மருந்தில் முட்டைகளை எடுத்து உறையவைத்துத் திரவ நைட்ரஜனில் மைனஸ் 196 டிகிரியில் வைத்துவிடலாம். இரண்டு வாரத்தில் வேலை முடியும். ஹார்மோனால் வளரும் வகைக் கட்டியாக இருந்தால், ஊசியோடு லெட்ரோசோல் மாத்திரையும் கொடுத்து ஈஸ்ட்ரோஜன் அளவு ஏறாமல் பார்த்துக்கொள்வார்கள்.

மரபணு சோதனைக்குக் கொஞ்சம் ரத்தம் போதும். ஆனால் முடிவு வர மூன்று, நான்கு வாரம் ஆகும். இங்கேதான் பல குடும்பங்கள் முடிச்சுப் போட்டுக்கொள்கின்றன. "ரிசல்ட் வரட்டும், அப்புறம் முட்டையைப் பத்தி யோசிக்கலாம்" என்கிறார்கள். அப்படி யோசித்தால் கையிலிருக்கும் அந்த இரண்டு, மூன்று வாரமும் போய்விடும். நான் முதலில் சொல்வது ஒன்றைத்தான்: முட்டை காத்திருக்காது, மரபணு காத்திருக்கும். முட்டையை இப்போது எடுத்து வைத்தால், அதை என்ன செய்வது, கருவைச் சோதிப்பதா வேண்டாமா என்பதையெல்லாம் மூன்று வருடம் கழித்து நிதானமாக முடிவு செய்யலாம். இன்றைக்கே முடிவு செய்ய வேண்டியது எது, தள்ளிப்போடக்கூடியது எது என்று பிரித்துக் கொடுப்பதுதான் என் வேலையில் பாதி.

மீதிப் பாதி, குடும்பக் கதையைக் கேட்பது.

பொள்ளாச்சிப் பக்கமிருந்து ஒரு பெண் வந்தார். வயது 31. திருமணமாகிச் சில ஆண்டுகள் ஆகியும் குழந்தை இல்லை. இடது மார்பில் கட்டி, ஹார்மோனால் வளரும் வகை. அடையாளம் தெரியாதபடி சில விவரங்களை மாற்றித்தான் எழுதுகிறேன். கணவர், அம்மா, மாமியார் என எல்லோரும் உடன் வந்திருந்தார்கள். வம்சாவழிப் படம் வரைய ஒரு வெள்ளைத்தாளை எடுத்தேன். ஆணுக்குச் சதுரம், பெண்ணுக்கு வட்டம்; புற்றுநோய் வந்தவர்களின் வடிவத்தைக் கருப்பாக நிரப்ப வேண்டும். இந்தப் பெண்ணின் வட்டத்தை நிரப்பி ஓர் அம்புக்குறியும் போட்டுவிட்டு, அம்மாவைப் பார்த்துக் கேட்டேன்.

"எங்க வழியில யாருக்கும் அப்படி ஒண்ணும் இல்லீங்க."

"உங்க அம்மா எப்படிங்கம்மா இறந்தாங்க?"

"மஞ்சக்காமாலைங்க."

மாமியார் அதுவரை ஒன்றும் பேசவில்லை. மருமகளின் பையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தவர் திரும்பி, "இனி மறைச்சு என்ன ஆகப்போகுதுங்க நங்கையா" என்றார். பிறகு என்னிடம் சொன்னார்: "எங்க மாமியாரை, இவங்க அம்மாவை, நாந்தானுங்க அம்மணி கடைசி வரைக்கும் பாத்தேன். வவுறு ஊதி தண்ணி கோத்துக்கிச்சு. வாரத்துக்கு ஒருக்கா ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போயி, ஊசி போட்டுத் தண்ணி எடுத்துட்டு வருவோம். முட்டைப்பையில கட்டின்னு டாக்டரு சொன்னாரு. அப்ப இவங்க தங்கச்சிக்கு மாப்பிள்ளை பாத்துட்டு இருந்தோம். அதனால வெளிய காமாலைன்னு சொல்லிட்டோம்."

நம் ஊரில் புற்றுநோய்க்கு இப்படிப் பல மாற்றுப் பெயர்கள் உண்டு. வயித்துக் கட்டி, உள்காய்ச்சல், காமாலை, ரத்தம் கெட்டுப்போச்சு. கல்யாணத்துக்கு நிற்கும் பெண்ணுக்காகச் சொல்லப்படும் பொய்கள் இவை. அந்தப் பொய்யை நான் குற்றம் சொல்ல மாட்டேன். அதைச் சொன்னவர்களுக்கு அப்போது வேறு வழி இருக்கவில்லை. ஆனால் ஒரு பாட்டி வயிற்றில் நீர் கோத்து இறந்தார் என்று கேள்விப்பட்டால் அடுத்தடுத்த கேள்விகளை நான் விடாமல் கேட்பேன். கல்லீரல் நோயிலும் நீர் கோக்கும். சினைப்பைப் புற்றுநோயிலும் கோக்கும். பாட்டிக்குச் சினைப்பையில், பேத்திக்கு முப்பத்தொரு வயதில் மார்பில் என்றால், பிஆர்சிஏ1, பிஆர்சிஏ2 என்ற இரண்டு மரபணுக்களையும் பார்த்தே ஆக வேண்டும்.

இவை இரண்டும் எல்லோர் உடம்பிலும் இருப்பவை. செல்லுக்குள் டிஎன்ஏ உடையும்போது அதைப் பழுது பார்க்கும் புரதங்களுக்கான குறிப்பு இவற்றில் இருக்கிறது. அச்சுப்பிழை விழுந்த புத்தகம் போல அந்தக் குறிப்பில் ஓரெழுத்து விடுபட்டாலும் புரதம் சரியாக அமையாது. பழுது பார்க்கும் வேலை தடைபடும். மார்பகப் புற்றுநோய் குடும்பங்களில் பரம்பரையாக வருவதற்குக் காரணமான ஒரு மரபணு 17-ஆவது குரோமோசோமில் இருக்கிறது என்று அமெரிக்க விஞ்ஞானி மேரி-கிளேர் கிங்கின் குழு 1990-இல் காட்டியது. 1994-இல் பிஆர்சிஏ1 பிரித்தறியப்பட்டது. பிஆர்சிஏ2 அதற்கு அடுத்த ஆண்டு. பிழை உள்ள பெண்களில் பாதிக்கு மேற்பட்டோருக்கு வாழ்நாளில் மார்பகப் புற்றுநோய் வருகிறது. சினைப்பைப் புற்றுநோய்க்கான ஆபத்தும் மற்றவர்களைவிடப் பல மடங்கு அதிகம். அம்மா, அப்பா இருவரில் யாரிடமிருந்தும் இந்தப் பிழை வரலாம். பெண்களுக்கு வரும் நோய் என்பதால் அப்பா வழி அத்தைகளைப் பற்றி யாரும் சொல்வதில்லை. நான்தான் தோண்டிக் கேட்க வேண்டியிருக்கிறது.

தாளில் பாட்டியின் வட்டத்தை நிரப்பினேன். அங்கிருந்து ஒரு கோடு மகளுக்கு இறங்கியது, மகளிடமிருந்து இந்தப் பெண்ணுக்கு. இன்னொரு கோடு மகனுக்கு இறங்கியது. அந்த மகனின் பிள்ளைதான் இந்தப் பெண்ணின் கணவர். மாமன் மகன். சொந்தத்துக்குள் திருமணம் என்றால் படத்தில் இரட்டைக் கோடு போடுவது வழக்கம். இரட்டைக் கோட்டைப் போட்டதும், எதிரே உட்கார்ந்திருந்த கணவரின் முகத்தைப் பார்த்தேன். அவர் தாளையே பார்த்துக்கொண்டிருந்தார். படித்தவர்; கோடு தன்னிடமும் வந்து சேர்வது அவருக்குப் புரிந்துவிட்டது.

தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பின்படி தமிழ்நாட்டில் நான்கில் ஒன்றுக்கும் மேற்பட்ட திருமணங்கள் உறவுக்குள்தான் நடக்கின்றன. மேலைநாட்டுப் பாடப்புத்தகத்தை வைத்துக்கொண்டு இங்கே ஆலோசனை சொல்ல முடியாது என்று நான் நினைப்பதற்கு இதுதான் காரணம். அங்கே நோயாளியின் கணவரிடம் அதே பிழை இருக்குமா என்று முதல் நாளே கேட்க வேண்டிய அவசியம் பெரும்பாலும் இல்லை. இங்கே கேட்டாக வேண்டும். பாட்டியின் பிழை மகள் வழியாகப் பேத்திக்கு வந்திருந்தால், மகனிடம் இருக்கப் பாதிக்குப் பாதி வாய்ப்பு. பேரனிடம் இருக்க நான்கில் ஒரு வாய்ப்பு. தாய்மாமனையே மணந்திருந்தால் கணவருக்கே பாதிக்குப் பாதி.

அந்தத் தம்பதிக்கு முன்னால் அன்று ஒரு கேள்வி இருந்தது. முட்டையாக உறையவைப்பதா, கணவரின் விந்தணுவோடு சேர்த்துக் கருவாக உறையவைப்பதா? திருமணமானவர்களுக்குப் பொதுவாகக் கரு என்பார்கள். எத்தனை தேறியது என்று உடனே தெரிந்துவிடும் என்பது அதில் ஒரு வசதி. நான் படத்தைக் காட்டிப் பேசினேன். மனைவியின் முடிவு வரவில்லை, கணவருக்கு இன்னும் சோதனையே எடுக்கவில்லை. இருவரிடமும் பிழை இருந்தால் என்ன செய்வோம் என்று இவர்களுக்கே தெரியாது. இப்போது கருவாக்கிவிட்டால் பின்னால் யோசிக்க வழி குறைகிறது. முட்டையாக வைத்தால் எல்லா வழியும் திறந்திருக்கிறது. அன்று மாலையே குழந்தைப்பேறு நிபுணரைப் பார்த்துவிட்டு, முட்டையாகவே வைக்கலாம் என்று முடிவெடுத்தார்கள். ஊசி மறுநாள் தொடங்கியது. கீமோ தேதி தள்ளவில்லை. முற்றிய முட்டைகள் ஒன்பது கிடைத்தன.

முதல் கீமோ ஏறிய பிறகுதான் மரபணு முடிவு வந்தது. பிஆர்சிஏ2-இல் பிழை. கணவருக்கு எல்லா மரபணுவையும் பார்க்க வேண்டியிருக்கவில்லை. மனைவிக்குப் பிழை இருந்த அந்த ஓர் இடத்தைப் பார்த்தால் போதும், செலவும் குறைவு. அவருக்கும் அதே பிழை.

பெற்றோர் இருவரிடமும் பிஆர்சிஏ2 பிழை இருந்தால் பிள்ளைக்கு இரண்டு பிரதியும் பிழையாகப் போய்ச் சேர நான்கில் ஒரு வாய்ப்பு. அப்படி அமைந்தால் கருவே தங்காமல் போகலாம். பிறந்தால் ஃபேன்கோனி அனீமியா என்ற கொடிய நோய். ரத்தம் ஊறாது, சின்ன வயதிலேயே ரத்தப் புற்றுநோயும் மூளைக் கட்டியும் வரக்கூடும். இது ஒருபுறம். கணவரைத் தனியாக உட்காரவைத்து இன்னொன்றும் சொன்னேன். பிஆர்சிஏ2 பிழை உள்ள ஆண்களுக்குப் பிராஸ்டேட், கணையப் புற்றுநோய்களுக்கான ஆபத்து கூடுதல், மார்பிலும் வரலாம். நாற்பது வயதிலிருந்து பரிசோதனை தொடங்க வேண்டும். மனைவியின் நோய்க்காக வந்தவர் தன் பெயரிலும் ஒரு ஃபைலோடு போனார்.

காலக்கணக்கு என்று ஒன்று உண்டு. அதையும் தாளில் எழுதித்தான் காட்டுவேன். இந்தப் பெண்ணுக்கு 31 வயது. கீமோ, அறுவை சிகிச்சை, கதிர்வீச்சு முடிய ஏறக்குறைய ஒரு வருடம். பிறகு ஐந்திலிருந்து பத்து வருடம் ஹார்மோன் மாத்திரை. அதைச் சாப்பிடும்போது கருத்தரிக்கக் கூடாது. பத்து வருடத்தையும் முடித்தால் 42 ஆகிவிடும். பிஆர்சிஏ2 பிழை உள்ளவர்கள் 40-இலிருந்து 45 வயதுக்குள் சினைப்பைகளையும் கருக்குழாய்களையும் எடுத்துவிடுவது நல்லது என்பது பரிந்துரை. பிஆர்சிஏ1 என்றால் இன்னும் முன்னால், 35-இலிருந்து 40-க்குள். ஆக, ஒருபுறம் கீமோ, நடுவில் மாத்திரை, மறுபுறம் அறுவை. பிள்ளை பெறுவதற்கான இடம் எங்கே என்று தேட வேண்டியிருக்கிறது.

அதற்கு 2023-இல் ஒரு நல்ல சேதி வந்தது. பாசிட்டிவ் என்ற பன்னாட்டு ஆய்வில், 42 வயது வரையிலான சுமார் 500 பெண்கள் 18-இலிருந்து 30 மாதம் வரை மாத்திரை சாப்பிட்டபின், மருத்துவரின் மேற்பார்வையில் அதை நிறுத்திக் கருத்தரிக்க முயன்றார்கள். முதல் சில ஆண்டுகளில் அவர்களுக்கு நோய் திரும்புவது கூடவில்லை. பிள்ளை பெற்ற பின் மாத்திரையைத் தொடர வேண்டும். நீண்ட காலக் கண்காணிப்பும் நடந்துகொண்டிருக்கிறது. பிஆர்சிஏ பிழை உள்ள இளம் பெண்கள் மார்பகப் புற்றுநோய்க்குப் பின் கருவுற்றதால் அவர்களுக்குக் கெடுதல் எதுவும் தென்படவில்லை என்று பல நாடுகளைச் சேர்ந்த ஆயிரக்கணக்கானவர்களின் பதிவுகளை வைத்து இன்னோர் ஆய்வும் அதே ஆண்டு இறுதியில் வெளியானது. ஆகவே 34, 35 வயதில் ஓர் இடைவெளி இருக்கிறது என்று அந்தப் பெண்ணிடம் சொல்ல முடிந்தது. அதைக் கேட்டபோதுதான் அவர் முதல்முறையாகத் தானாகக் கேள்வி கேட்கத் தொடங்கினார்.

அவர் கேட்டது கருச் சோதனை பற்றி. முட்டையைக் கருவாக்கி ஐந்தாறு நாள் வளர்த்து, அதிலிருந்து சில செல்களை மட்டும் எடுத்து, குடும்பத்தில் உள்ள பிழை அந்தக் கருவில் இருக்கிறதா என்று பார்க்கலாம். இந்தியச் சட்டம் இதை அனுமதிக்கிறது. ஏற்கெனவே தெரிந்த பரம்பரை நோய்க்காக மட்டும்தான் பார்க்கலாம். ஆணா பெண்ணா என்று சொல்வது குற்றம். எல்லோரும் கேட்டவுடன் தலையாட்டுவார்கள். நான் எண்ணிக்கையைச் சொல்வேன். ஒன்பது முட்டையில் உறைநிலையிலிருந்து எட்டு மீளலாம். ஆறு கருவாகலாம். மூன்று ஐந்து நாள் தாண்டி வளரலாம். அந்த மூன்றைத்தான் சோதிக்கிறோம். இரண்டு பிரதியும் பிழையாக இருக்கும் கருவை மட்டும் தவிர்ப்பதென்றால் நான்கில் மூன்று பங்கு தேறும். ஒரு பிரதிகூடப் பிழை வேண்டாம் என்றால் தேறுவது நான்கில் ஒன்றுதான். மூன்று கருவில் அது ஒன்றுமில்லாமலும் போகலாம்.

அதனால் நான் கேட்பது, "எதைத் தவிர்க்கணும்னு நினைக்கிறீங்க?"

அந்தப் பெண் கொஞ்ச நேரம் யோசித்துச் சொன்னார்: "ரெண்டும் தப்பா இருக்கறது வேண்டாமுங்க. அந்தக் கஷ்டம் ஒரு குழந்தைக்கு வரக் கூடாது. ஆனா ஒண்ணு மட்டும் தப்பா இருக்கறதுங்கறது நானும் அவருந்தானுங்களே? அதை வேண்டாம்னா எங்களையே வேண்டாம்னு சொன்ன மாதிரி ஆகுது."

அவர் சொன்னதே சரி என்றோ, மாற்றிச் சொல்பவர்கள் தவறு என்றோ நான் சொல்ல மாட்டேன். அம்மாவையும் பெரியம்மாவையும் அடுத்தடுத்துப் பறிகொடுத்த ஒரு பெண், ஒரு பிரதிகூட வேண்டாம் என்று சொன்னதையும் கேட்டிருக்கிறேன். இருவருக்கும் நான் கொடுத்த கணக்கு ஒன்றுதான். கணக்கைச் சரியாகக் கொடுப்பதும், மாமியாரோ டாக்டரோ அந்த முடிவை அவர்கள் சார்பில் எடுத்துவிடாமல் பார்த்துக்கொள்வதும் என் கடமை.

சோதனை முடிவுகள் எப்போதும் ஆம், இல்லை என்று வருவதும் இல்லை. பொருள் விளங்காத மாற்றம் என்று ஒரு வகை உண்டு. எழுத்து மாறியிருக்கிறது, ஆனால் அதனால் நோய் வருமா என்று இன்னும் தெரியவில்லை என்று பொருள். உலகத் தரவுத்தளங்களில் ஐரோப்பியர்களின் மரபணுக்களே மிகுதி என்பதால் நம்மவர்களுக்கு இந்த முடிவு கூடுதலாக வருகிறது. அதைப் பிடித்துக்கொண்டு கருவைச் சோதிப்பதோ, சினைப்பையை எடுப்பதோ கூடாது. அந்த ஒரு வரியைத் தவறாகப் படித்துவிட்டுக் கண்ணீரோடு வருபவர்களை நிமிர்ந்து உட்காரவைத்து அனுப்புவது என் வேலையில் எனக்கு மிகவும் நிறைவு தரும் பகுதி.

பெரும்பாலானவர்களுக்குச் சொல்ல வேண்டியது இன்னும் எளிமையானது. எல்லாப் புற்றுநோய்களையும் சேர்த்துப் பார்த்தால் நூற்றில் ஐந்திலிருந்து பத்துதான் பரம்பரையாக வருபவை. திருப்பூரில் பனியன் கம்பெனியில் வேலை பார்க்கும் 23 வயது இளைஞர் ஹாட்ஜ்கின் லிம்ஃபோமாவோடு வந்தார். தன் ரத்தமே கெட்டுவிட்டது, பிள்ளைக்கும் போகும் என்று நம்பிக்கொண்டிருந்தார். அவர் குடும்பப் படத்தில் பரம்பரைக்கான அறிகுறி எதுவும் இல்லை. அவருக்குச் சொல்ல வேண்டியிருந்தது இரண்டே செய்திகள்: உங்கள் பிள்ளைக்கு மற்றப் பிள்ளைகளைவிடப் பெரிய ஆபத்து இல்லை, விந்தணுவைக் கீமோ தொடங்கும் முன்பே கொடுத்துவிடுங்கள், தொடங்கிய பிறகு எடுத்தால் அதில் மருந்தின் சேதம் இருக்கக்கூடும். பக்கத்திலேயே அப்பா நின்றுகொண்டிருந்ததால் பையன் ஒன்றும் பேசவில்லை. அப்பாவை டீ சாப்பிட அனுப்பிவிட்டுப் பேசினோம். ஒரு மணி நேரத்தில் வேலை முடிந்தது. பெண்களுக்கு ஆகும் செலவோடு ஒப்பிட்டால் இது மிகச் சிறிய தொகை. இருந்தும் இளைஞர்களிடம் இதைப் பற்றி வாய் திறந்து கேட்கும் மருத்துவர்கள் குறைவு என்பது எனக்குத் தீராத வருத்தம்.

பூப்பெய்தாத சிறுமிகளுக்கு ஊசி போட்டு முட்டை எடுக்க முடியாது. சினைப்பையின் ஒரு துண்டை எடுத்து உறையவைத்துப் பிற்காலத்தில் திரும்பப் பொருத்துவதுதான் அவர்களுக்கான வழி. பெல்ஜியத்தில் மருத்துவர் ஜாக் டோனே குழுவினர் இந்த முறையில் 2004-இல் முதல் குழந்தையைப் பெறச் செய்தார்கள். இங்கும் மரபணுக் கேள்வி வந்து நிற்கிறது. ரத்தப் புற்றுநோயில் அந்தத் துண்டுக்குள்ளேயே நோய்ச் செல்கள் ஒளிந்திருக்கலாம். பிஆர்சிஏ பிழை இருந்தால், திரும்ப வைக்கும் சினைப்பையிலேயே பின்னாளில் புற்றுநோய் வரலாம். யாருக்கு எந்த முறை என்று முடிவெடுக்கும் கூட்டத்தில் குடும்பப் படமும் மேசைமேல் இருக்க வேண்டும் என்று நான் வற்புறுத்துவது இதனால்தான்.

திருமணமாகாத பெண்கள் விஷயத்தில் தயக்கம் இன்னும் அதிகம். "கல்யாணம் ஆகாத பொண்ணுக்கு உள்ள விட்டு ஸ்கேனா?" என்று அம்மாக்கள் அதிர்கிறார்கள். வயிற்றின் மேலாகவே ஸ்கேன் பார்க்கலாம். தேவைப்பட்டால் முட்டையையும் வயிற்று வழியாகவே எடுக்கலாம். இதைச் சொன்னவுடன் பாதிப் பேர் சம்மதிக்கிறார்கள். நாட்டின் உதவி இனப்பெருக்கத் தொழில்நுட்பச் சட்டம் 2021-இல் நிறைவேறி 2022 ஜனவரியில் நடைமுறைக்கு வந்தது. அதன்படி முட்டையையும் கருவையும் பொதுவாகப் பத்து ஆண்டுகள்தான் சேமித்து வைக்கலாம். 22 வயதில் வைப்பவருக்கு 32-இல் கெடு முடிகிறது. இதை முதல் நாளே சொல்லிவிட வேண்டும்.

அதே நாளில் கேட்க வேண்டிய கடினமான கேள்வி ஒன்றும் இருக்கிறது. ஒருவேளை நீங்கள் இல்லாமல் போனால் இதை என்ன செய்வது? சட்டப்படி இதற்கு எழுத்துப்பூர்வமான பதில் தேவை. டெல்லியில் புற்றுநோய் சிகிச்சைக்கு முன் விந்தணுவை உறையவைத்த ஒரு மணமாகாத இளைஞர் 2020-இல் இறந்துவிட்டார். அதைப் பெறப் பெற்றோர் நீதிமன்றம் போக வேண்டியிருந்தது. 2024 அக்டோபரில்தான் டெல்லி உயர் நீதிமன்றம் அவர்களிடம் ஒப்படைக்கச் சொன்னது. இந்தக் கேள்வியைப் பெற்றோர் முன்னால் கேட்க முடியாது, கணவர் முன்னாலும் கேட்கக் கூடாது. நோயாளியைத் தனியாக வைத்துக்கொண்டு, அவசரமில்லாமல், ஒருமுறைக்கு இருமுறை கேட்க வேண்டும். கருவாக உறையவைத்தால் அதில் கணவருக்கும் சரிபாதி உரிமை உண்டு. முட்டை பெண்ணுக்கு மட்டுமே உரியது என்பதையும் அப்போதுதான் சொல்வேன். நோய் வந்த மனைவியைத் தாய்வீட்டில் விட்டுவிட்டுப் போனவர்களை இந்தத் துறையில் இருப்பவர்கள் எல்லோரும் பார்த்திருக்கிறோம்.

பணம் பெரிய தடை. முட்டை எடுத்து வைக்க ஒரு லட்சத்துக்கு மேல் ஆகிறது. அதற்குப் பின் வருடா வருடம் சேமிப்புக் கட்டணம். கருச் சோதனை தனி. கீமோவுக்கே நகையை அடகு வைத்த குடும்பம் இதையும் கைக்காசிலிருந்துதான் கட்டுகிறது. புற்றுநோய் சிகிச்சையால் பிள்ளைப்பேறு போகுமென்றால் அதைக் காப்பதும் புற்றுநோய் சிகிச்சையின் ஒரு பகுதிதான். காப்பீட்டுத் திட்டங்கள் அதை அப்படியே கணக்கில் எடுத்துக்கொள்ள வேண்டும் என்பது என் உறுதியான கருத்து.

இதைப் படிப்பவர்களில் யாராவது இன்று பயாப்சி முடிவைக் கையில் வைத்திருக்கலாம். உங்களுக்கோ உங்கள் வீட்டு இளையவர்களுக்கோ நாற்பதுக்குள் வயது என்றால், கீமோவுக்குத் தேதி குறிக்கும் முன் டாக்டரிடம் கேளுங்கள்: இந்தச் சிகிச்சை பிள்ளைப்பேற்றைப் பாதிக்குமா, முட்டை அல்லது விந்தணுவைச் சேமிக்க நேரம் இருக்கிறதா, மரபணு ஆலோசகரைப் பார்க்க வேண்டுமா? வருவதற்கு முன் வீட்டுப் பெரியவர்களிடம் உட்கார்ந்து பேசுங்கள். அம்மா வழி, அப்பா வழி இரண்டிலும் யார், எந்த வயதில், எதனால் இறந்தார்கள் என்று எழுதி எடுத்துவாருங்கள். மாப்பிள்ளை சொந்தமென்றால் அதையும் சொல்லுங்கள். காமாலை என்று சொல்லி வைத்ததெல்லாம் உண்மையில் என்ன என்பதை எங்களிடமாவது மறைக்காதீர்கள்.